ஓம் பிள்ளை, பாப்பம்

இந்த வருடம் சுற்றுச்சூழல் மானிடவியலில் முதுகலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களை மேய்க்கவென்று புதிதாக நியமனம் பெற்றிருக்கும் களப்பணி உதவியாளர்களுக்கும் நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்று துறையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நல்ல வேளையாக நீங்கள் எழுதி அனுப்பிய கேள்விகளில் ஒன்று எனக்குப் பிடித்துப் போயிற்று. பலேர்மோவுக்குப் பக்கத்தில், பகேரியாவில் இருக்கும் தமிழ்த் தோட்டம் துறையின் கையேட்டில் வண்ணப்படத்தோடு இருக்கிறதே, பிறகு ஏன் இந்த வருடக் களப்பணி இடங்களில் அதைக் காணவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தப் படிப்பைப் படித்த காலத்தில் பகலில் மாணவன், மாலையில் பலேர்மோவின் மொண்டெல்லோ கடற்கரை உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுபவன். என்ன படிக்கிறாய் என்று கூட வேலை செய்த அண்ணர் ஒருவர் கேட்டார். மனிதர்கள் கடலோடும் மண்ணோடும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் படிக்கிறேன் என்றேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "கடல் அந்தா கிடக்குது. போய்ப் பழகன். அதுக்கு ஏன் சோதினை எழுதுறாய்?" என்றார். பின்னாளில் எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ பேர் என்னை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

மொண்டெல்லோவில் கோடை காலத்தில் மணலில் மரக் கூண்டுகள் வரிசையாக எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உடை மாற்றவும் சாமான் வைக்கவும் குடும்பங்கள் வாடகைக்கு எடுப்பவை. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதரிடம், கடற்கரை யாருக்குச் சொந்தம் என்று அவர் நினைக்கிறார் எனப் பேட்டி எடுக்க விரும்பினேன். போய்க் கேட்டேன். அவர் "வெதியாமோ" என்றார். இத்தாலிய மொழியில் பார்ப்போம் என்று பொருள். அகராதியில் அப்படித்தான் இருந்தது. ஆகவே நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். அந்தக் கோடை முழுவதும் ஒலிப்பதிவுக் கருவியோடு மணலில் நின்று கறுத்துப் போனதுதான் மிச்சம்.

என் பேராசிரியரிடம் போய் முறையிட்டேன். அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கோபிப்பார், சொல்லாவிட்டாலும் கோபிப்பார். தன் விரிவுரையிலேயே தூங்கிவிடக்கூடிய மனிதர். ஆனால் மாணவன் ஒருவன் அசட்டுத்தனமாக எதையாவது சொன்னால் உடனே விழித்துக்கொள்வார். அன்றும் விழித்துக்கொண்டார். அந்த மனிதர் வெதியாமோ என்று சொல்லும்போது அவருடைய கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கூண்டைப் பூட்டிக்கொண்டிருந்தது. "அப்படியானால் உன் பேட்டி அன்றைக்கே முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் யாழ்ப்பாணத்தான். 'பாப்பம்' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவன். கடன் கேட்டால் பாப்பம், பெண் கேட்டால் பாப்பம், ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் பாப்பம். முகத்தை முறிக்காமல் இல்லை என்று சொல்வதற்கு எங்களிடம் அதைவிட நல்ல சொல் கிடையாது. அதே சொல் இத்தாலிய உடுப்புப் போட்டுக்கொண்டு எதிரில் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இனி பகேரியாவுக்கு வருகிறேன்.

பகேரியாவில் பழைய மாளிகை ஒன்றின் பின்புறம், ரயில் பாதையை ஒட்டி, ஒரு காலத்தில் எலுமிச்சைத் தோப்பாக இருந்த நிலம் கிடந்தது. தோப்பு பட்டுப்போய்ப் பல காலம். மாளிகைக்காரர்களிடம் வாய்ச்சொல்லால் அனுமதி வாங்கிக்கொண்டு எங்கள் ஆட்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கத்தரியும் வெண்டியும் கீரையும் வைத்திருந்தார்கள். அதில் முதல் ஆள் திரேசம்மா. மன்னாரிலிருந்து வந்தவர். பலேர்மோவில் ஒரு சின்யோராவின், இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டில், வீட்டோடு நின்று வேலை செய்பவர். உறங்குவது அந்த வீட்டில், உண்பது அந்த வீட்டில். சின்யோரா கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன மணி வைத்திருப்பார். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் திரேசம்மா நேரே ரயில் ஏறி பகேரியாவுக்குப் போய்விடுவார். ஏன் இவ்வளவு தூரம் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அங்கைதான் மாஸ்ரர் என்னை ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்" என்றார். அந்தத் தோட்டம் அவருக்கு என்ன என்பதை இதைவிட நன்றாக எந்த ஆய்வேட்டிலும் நான் வாசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் மாளிகைக் குடும்பத்துக்குச் சுற்றுச்சூழல் மீது திடீரென்று அன்பு வந்தது. அன்பு வந்ததற்குக் காரணம், அதற்கு அரசு நிதி கிடைக்கும் என்று கேள்விப்பட்டதுதான். எலுமிச்சைத் தோப்பைப் பழையபடி மீட்டெடுத்து, நடைபாதை போட்டு, வருகிறவர்களுக்குத் திறந்துவிடுவது என்று திட்டம். அந்நியச் செடிகள் அகற்றப்பட வேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. எலுமிச்சையே கடல் கடந்து வந்ததுதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அது வந்து வெகு காலமாகிவிட்டது என்றார்கள். வெகு காலமானால் சொந்தம் வந்துவிடும் என்பதைக் கேட்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. குடியுரிமை அலுவலகத்துக்கு அது தெரியாதது பற்றி மட்டும்தான் வருத்தம்.

நிதி வேண்டுமானால், நிலத்தைப் பாவிப்பவர்கள் சம்மதித்தார்கள் என்று ஒரு சமூக ஆய்வறிக்கை வேண்டும். குடும்பம் எங்கள் துறையைக் கேட்டது. என்னிடம் முதுகலை செய்துகொண்டிருந்த நிருஜாவுக்கு ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டியிருந்தது. பலேர்மோவிலேயே பிறந்தவள், தமிழும் தெரியும், கெட்டிக்காரி. பொருத்தம் பார்த்து முடித்த கலியாணம் போல எல்லாம் சரியாக அமைந்தது.

அவள் எல்லாரையும் பேட்டி கண்டாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு துண்டு நிலம் தருகிறார்களாம், இந்த இடத்தை விட்டு அங்கே போக உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள். "ஓம் பிள்ளை, பாப்பம்." ஓம் என்பது எங்கள் ஊர் ஆம். எங்கள் முதுகலை ஆங்கிலத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பதில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து அட்டவணைக்குப் போய், 'சம்மதம்: திறந்த மனப்பான்மையுடன்' என்று வெளியே வந்தது. அட்டவணைக்கு அழகான பச்சை நிறம் வேறு. நான் பார்த்தது அந்த அட்டவணையைத்தான். அறிக்கை குடும்பத்துக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாளிகையில் எல்லாரும் கூடி, அதை வாசித்து ஒப்புக்கொள்வதாக ஏற்பாடு.

அன்று காலை பலேர்மோவில் ரயில் ஏறினால் எதிர் இருக்கையில் திரேசம்மா. பூசைக்குக் கட்டிய சேலை. மடியில் ஒரு தயிர் வாளி. அதற்குள் மண்ணும், விரல் நீளத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும்.

"எங்கை கொண்டு போறியள்?" என்று கேட்டேன்.

"தோட்டத்துக்குத்தான் மாஸ்ரர். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்திலை வைப்பம் எண்டு. நாலஞ்சு வருசத்திலை ஆளுயரம் வந்திடும்."

அந்த இடத்தை விட்டுப் போக ஓம் என்று சொல்லிவிட்டீர்களாமே என்றேன்.

"ஆர் சொன்னது?"

நீங்கள்தான், நிருஜாவிடம், என்றேன்.

"பிள்ளை கதைச்சுக்கொண்டிருந்தவ. நான் ஓம் போட்டுக்கொண்டிருந்தனான். ஒருத்தர் கதைக்கேக்கை ஓம் போடாமல் சும்மா நிக்கிறதோ? கடைசியிலை பாப்பம் எண்டுதானே மாஸ்ரர் சொன்னனான்."

பாப்பம் எண்டுதானே. அந்தத் 'தானே'யில் எல்லாம் இருந்தது. வேலையில் இருந்த காலம் முழுவதும் என் பேராசிரியரை நான் மறந்ததில்லை. அன்று அந்த ரயிலில், அவர் எங்கோ எனக்காகக் கண் விழித்துவிட்டார் என்றே தோன்றியது. போக ஒப்புக்கொண்டவருடைய கை ஆளுயரம் வளரப்போகிற கன்றைச் சுமந்துகொண்டு போகாது.

பகேரியாவில் இறங்கி நிலையத்திலிருந்தே நிருஜாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் ஏற்கெனவே மாளிகையில் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "புரொஃப், ரெக்கோடிங் இருக்குது. ஓம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை. ஓம் எண்டா ஸீ தானே? வேறை என்ன?" என்றாள். இத்தாலியத்தில் ஸீ என்றால் ஆம், அவ்வளவுதான். தமிழில் ஓம் என்ற சொல்லுக்குச் சம்மதம் என்பது பல பொருள்களில் ஒன்று மட்டும்தான் என்று அவளுக்குத் தொலைபேசியில் எப்படி விளக்குவது? கூட்டம் தொடங்கப் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நிலையத்திலிருந்து மாளிகைக்கு நடந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தோட்டம் போய்விடும். எழுந்து, இவர்கள் ஆம் என்று சொன்னால் ஆம் என்று அர்த்தமல்ல என்று நானே சொன்னால், அது அதைவிட மோசம். அங்கே குடும்பத்தின் பக்கம் இருக்கும் ஒவ்வொருவரும் எங்கள் ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள், வீடு வாடகைக்குக் கொடுத்திருப்பவர்கள். தமிழர் சொல்லை நம்ப முடியாது என்று ஒரு தமிழனே, அதுவும் துறையின் பெயரால், அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது போலாகும். வாசலை அடையும்வரை எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. நெருக்கடியில் மூளை பளிச்சென்று வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மூளை அந்த வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்றுதான் யோசித்தது.

மாளிகையின் பின்வாசலில் கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் குடும்பத்தார், மறுபக்கம் தோட்டக்காரர்கள். குடும்பத்தின் சார்பில் பேசியவர் அந்த வீட்டு மருமகன், வழக்கறிஞர். எல்லாரும் அவரை அவ்வொகாத்தோ என்றே அழைத்தார்கள். நல்ல மனிதர்தான், மணமாக இருந்தார். அறிக்கையின் முடிவை வாசித்தார். நிருஜா அதைத் தமிழில் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எங்கள் ஆட்கள் எல்லாரும் மரியாதையாகத் தலையை ஆட்டி ஓம், ஓம் என்றார்கள். என் கண் முன்னாலேயே சம்மதம் இரண்டாவது முறையும் நிறைவேறிக்கொண்டிருந்தது.

நேரத்தைக் கடத்துவதற்காகத்தான் ஒரு கேள்வி கேட்டேன். அதில் பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கிடையாதே, குடும்பம் குழாய் போட்டுத் தருமா என்றேன்.

அவ்வொகாத்தோ பேனையை மூடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, "வெதியாமோ" என்றார்.

பக்கத்தில் இருந்த நிருஜா என்னிடம் தாழ்ந்த குரலில், "தரமாட்டினம்" என்றாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வெதியாமோ எண்டவர்தானே, புரொஃப்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பலேர்மோத் தெருவில் வளர்ந்த பிள்ளை. வெதியாமோ என்றால் இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குத் தமிழில் தெரிந்தது இத்தாலியத்தில் தெரியாமல் போனது போல, அவளுக்கு இத்தாலியத்தில் தெரிந்தது தமிழில் தெரியாமல் போயிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தைத்தால் ஒரு முழு மானிடவியலாளர் தேறுவார்.

இனி நடந்ததில் எனக்குப் பங்கில்லை. அவள் எழுந்து நின்றாள். தன் அறிக்கை பிழை என்றும் அதைத் திரும்பப் பெறுவதாகவும் இத்தாலிய மொழியில் சொன்னாள். அந்த அறிக்கைதான் அவளுடைய ஆய்வேடு. பட்டமளிப்புக்குத் தாயும் தகப்பனும் மண்டபம் பதிவு செய்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவ்வொகாத்தோவும் எழுந்து, இது விளையாட்டா, இவர்கள் சம்மதித்தார்கள் என்று எழுதியது நீங்கள்தானே என்று கேட்டார்.

"இப்போது நீங்கள் சொன்ன வெதியாமோவைச் சம்மதம் என்று நான் எழுதிக்கொள்ளட்டுமா, அவ்வொகாத்தோ? குழாய் போடுவதாக?" என்று கேட்டாள் நிருஜா.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவருடைய மாமியார் சத்தமாகவே சிரித்துவிட்டார். சிசிலியில் பிறந்த ஒருவரும் அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடியாது.

"இவர்கள் சொன்னதும் அதே சொல்தான்" என்றாள் நிருஜா. "எனக்கு விளங்கவில்லை. பிழை என்னுடையது."

பிறகு அவள் திரேசம்மாவின் பக்கம் திரும்பினாள். இந்த முறை ஒலிப்பதிவுக் கருவி இல்லை. "அன்ரி, போக விருப்பமில்லை எண்டா இல்லை எண்டு சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

திரேசம்மா கன்று இருந்த வாளியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "இல்லை எண்டு சொன்னா உன்ரை படிப்புப் பிழைச்சுப்போகாதோ பிள்ளை?"

இவ்வளவுதான் விஷயம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பிள்ளை பெரிய படிப்புப் படிக்கிறது. அது வந்து கேள்வி கேட்கிறது. பரீட்சையில் ஓம் என்பதுதான் சரியான விடை என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். தோட்டம் போனாலும் பரவாயில்லை, பிள்ளை பாஸ் பண்ணட்டும் என்று ஓம் போட்டிருக்கிறார்கள். அப்படியே கையைப் பிசைந்துகொண்டு, மெதுவாக, பாப்பம் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதற்குப் பச்சை நிறம் அடித்தோம். நிருஜா வெளிப்படையாகவே அழுதாள். "படிப்புப் பிழைச்சுப்போகாது அன்ரி" என்று பொய் சொன்னாள்.

திரேசம்மா அவ்வொகாத்தோவைப் பார்த்தார். "நோ, சின்யோரே" என்றார். குரல் வெளியே வரவில்லை. செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அந்தச் சொல்லைத் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை என்று ரயிலில் திரும்பி வரும்போது சொன்னார். ஸீ சின்யோரா மட்டும் போதுமானதாக இருந்ததாம். அவர் சொன்னதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக நோ என்றார்கள். ஓம் போட்டபோது இருந்த அதே மரியாதையோடு.

நீதி வென்றது என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்க்காதீர்கள். வென்றது நிதி. சம்மதம் இல்லாவிட்டால் திட்டத்துக்குக் காசு வராது என்று குடும்பத்துக்குத் தெரிந்தது. கொஞ்சம் விசாரித்தபோது, எலுமிச்சை மட்டும் இருக்கும் தோட்டத்தைவிட எலுமிச்சையோடு வெளிநாட்டவரும் இருக்கும் தோட்டத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்றும் தெரிந்தது. உடனே பன்முகப் பண்பாட்டுத் தோட்டம் என்று பலகை நட்டார்கள். சுற்றிவரக் கம்பி வேலி, இரும்புக் கதவு, பூட்டு. அந்நியச் செடிகள் என்ற வரி காணாமல் போனது. கதவின் சாவியை அவ்வொகாத்தோவே திரேசம்மாவின் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். தண்ணீர்க் குழாயும் வந்தது.

நிருஜாவின் படிப்பு பிழைத்துத்தான் போனது, ஒரு தவணை. மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணமும் போனது. அவளுடைய தகப்பன் என்னோடு வெகு காலம் கதைக்கவில்லை. அவள் திரும்ப முதலிலிருந்து எழுதினாள். அந்த ஆய்வேட்டைத்தான் உங்களுக்கு இப்போது பாடமாக வைத்திருக்கிறார்கள். இன்று காலை உங்களுக்கு வரவுப் பதிவு எடுத்ததும் அவள்தான்.

அதன் பிறகு துறைக்கு அந்தத் தோட்டத்தின் மேல் தீராத காதல் வந்துவிட்டது. வருடத்துக்கு வருடம் மாணவர்கள். நெதர்லாந்திலிருந்து ஒரு குழு. மண்ணோடு உங்களுக்கு என்ன உறவு என்று கேட்கும் ஒருவர், வேர்கள் பற்றிக் கேட்கும் ஒருவர், ஒன்றும் கேட்காமல் ஒரு நாள் முழுவதும் படம் பிடிக்கும் ஒருவர். ஒருத்தரும் கூப்பிடாத இடம் என்று அவர் தேடிப் போனது அந்த இடத்தைத்தான். மணி அடிக்காத இடத்துக்கு நாங்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் நின்றோம்.

இந்த வருடப் பட்டியல் போடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காகப் பகேரியாவுக்குப் போய் வந்தேன். திரேசம்மா தோட்டத்துக்குள் நின்றார். அன்று வாளியில் வந்த கறிவேப்பிலை அவருடைய தோளுக்கு மேல் போய்விட்டது. ஒரு கொத்து முறித்துக் கம்பிக்குள்ளால் எனக்குத் தந்தார். இந்த வருடமும் நல்ல பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், தொல்லை தரமாட்டார்கள், ஒரு காலைப் பொழுது மட்டும் வந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். நான் பேசி முடிக்கும்வரை ஓம், ஓம் என்று அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம் மாஸ்ரர், பாப்பம்" என்றார்.

அவருடைய கையைப் பார்த்தேன். உள்ளே நின்றபடி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தது.